அரசை நெருக்கும் குழுக்களும் நமது சங்கங்களும்

வாக்களிக்கும் நாள் ஒன்று. ஆட்சி நடைபெறும் நாட்களோ ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். அந்த ஒரு நாளில் நெசவாளியின் வாக்குக்கும் ஆலை முதலாளியின் வாக்குக்கும் எடை ஒன்றே. எஞ்சிய நாட்களில் அரசாங்கத்தின் காதில் யாருடைய சொல் விழுகிறது, யாருடைய சொல் வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறது என்னும் கேள்வியே ஜனநாயகத்தின் உண்மையான கேள்வியாகும். கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் இதனை அரசியல்வாதிகளின் கவலை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும் நம் தறிக்கு வரும் நூலின் விலையையும், நம் வயலில் விளையும் பருத்தியின் விலையையும் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த எஞ்சிய நாட்களில் நடைபெறும் பேச்சுவார்த்தைகளே. ஆகவே இப்பொருள் நமக்கு அயலானதன்று.

ஆட்சியைக் கைப்பற்ற விரும்பாமல், ஆட்சியில் இருப்போரின் முடிவுகளைத் தம் பக்கம் திருப்ப விரும்பும் கூட்டத்தாரை அரசியல் நூலார் ‘அழுத்தக் குழு’ என்பர். கட்சி தேர்தலில் நிற்கும். அழுத்தக் குழு நிற்காது. கட்சி எல்லாப் பொருள் பற்றியும் பேசும். அழுத்தக் குழு தன் பொருள் ஒன்றையே பேசும். ஆலை முதலாளிகள் சங்கம், வணிகர் பேரவை, தொழிற்சங்கம், உழவர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் ஆகிய யாவும் இவ்வகையின. மகஜர் அளித்தல், தூதுக்குழு அனுப்புதல், பத்திரிகையில் எழுதுதல், ஊர்வலம் நடத்துதல், கடையடைத்தல், வழக்குத் தொடுத்தல் முதலியன இவற்றின் வெளிப்படையான கருவிகள். வெளிப்படையல்லாத கருவிகளும் உள. அவற்றைப் பின்னர்ச் சொல்வேன்.

இக்குழுக்கள் தீயவை என்று எண்ணுதல் தவறு. சங்கம் அமைக்கும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் விதி அளிக்கிறது. 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 97ஆவது திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதையும் அவ்விதியிலேயே உரிமையாகச் சேர்த்தது. குறை சொல்வதற்கு ஒன்றுகூட உரிமை இல்லையெனில் வாக்குரிமை பாதி உரிமையே. நம் பக்கத்தூரையே எடுத்துக்கொள்வோம். சிட்லபாக்கத்துக் குடியிருப்போர் தம் ஏரி கழிவுநீர்க் குட்டையாவதைக் கண்டு மனு மேல் மனு அளித்தனர். தாமே ஏரியில் இறங்கித் துப்புரவும் செய்தனர். 2019இல் அவ்வேரியைச் சீர்படுத்த மாநில அரசு நிதி ஒதுக்கியது. அவர்கள் கேட்டதும் அழுத்தமே. ஆனால் அதன் பயன் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் ஒருங்கே கிடைப்பதாயிற்று. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்களில் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாக மாறிய காலத்தில், தனித்தனியே விற்று விலகிய உழவர்க்கு இத்தகைய கூட்டுக் குரல் வாய்க்கவில்லை. ஒன்றுபட்டுக் கேட்பதற்கும் ஒதுங்கிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வூர்களில் நடந்து பார்த்தே அறியலாம்.

நெசவின் வரலாறும் நெருக்குதலின் வரலாறும்

துணித் தொழிலின் வரலாறு பெரும்பாலும் அழுத்தக் குழுக்களின் வரலாறே என்றால் மிகையாகாது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் சென்ற அச்சுத்துணிகள் இங்கிலாந்தில் பெருவாரியாக விற்பனையாயின. அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தெழுந்தனர். 1697இல் இலண்டன் நெசவாளர் கூட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையையே தாக்கியது. பார்லிமெண்டு 1700இல் இந்திய அச்சுத்துணி இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் செய்தது. அதுவும் போதாதென்று அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடைசெய்யும் சட்டம் 1721இல் நிறைவேறிற்று. அச்சட்டம் 1774இல்தான் நீங்கியது. இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. நெருக்கியவர்கள் நம்மையொத்த ஏழை நெசவாளரே. எதிர்த்து நின்றதோ செல்வமிக்க கம்பெனி. ஒன்றுபட்ட ஏழைகள் செல்வரை வென்றதுண்டு. ஆனால் அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தவர்களுள் கடல் கடந்த நம் முன்னோரும் இருந்தனர். அவர்கள் சார்பில் அந்தச் சபையில் பேச ஒருவருமில்லை.

அடுத்த நூற்றாண்டில் காட்சி மாறிற்று, பாடம் மாறவில்லை. லங்காஷயர் ஆலை முதலாளிகளும் மான்செஸ்டர் வர்த்தக சபையும் விடாது வற்புறுத்தியதன் பேரில், இந்தியாவுக்கு வரும் பருத்தித் துணிமீதிருந்த சுங்கம் 1882இல் நீக்கப்பட்டது. வருவாய்த் தேவை காரணமாக 1894இல் மீண்டும் சுங்கம் விதிக்க நேர்ந்தபோது, அதற்கு ஈடாக இந்திய ஆலைகளின் உற்பத்திமீதும் வரி சுமத்தப்பட்டது. 1896இல் அது துணிமீது மூன்றரைச் சதவிகிதமாக நிலைபெற்றது. தன் நாட்டில் நெய்த துணிக்கு, அயல்நாட்டுப் போட்டியாளர் மனம் கோணாதிருக்கும் பொருட்டு வரி விதித்த அரசாங்கம் வேறெங்கும் உண்டோ என்று அக்காலத் தேசபக்தர்கள் கேட்டனர். அவ்வரி 1925இன் இறுதிவரை நீடித்தது.

நம் கைத்தறிக்கு நேர்ந்தது

விடுதலைக்குப் பின்னரும் துணி பற்றிய போராட்டம் நின்றுவிடவில்லை. போராடுவோர் மட்டும் மாறினர். 1952இல் சென்னை மாகாணத்துக் கைத்தறி நெசவாளர் நூல் இருந்தும் விற்பனையின்றித் தவித்தனர். முதலமைச்சராயிருந்த ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று மத்திய அரசை வற்புறுத்தினார். 1953இன் தொடக்கத்தில் அவருடைய அரசியல் எதிரிகளான திராவிட முன்னேற்றக் கழகத்தார், அண்ணாதுரை உள்ளிட்ட தலைவர்களே கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே பொருளைப் பற்றி ஒரே காலத்தில் குரலெழுப்பியது நம் மாநிலத்தில் அரிதாக நிகழ்ந்த செய்தி. முழுக் கோரிக்கை நிறைவேறவில்லை. ஆலை முதலாளிகளின் சங்கங்களும் சும்மா இருக்கவில்லை. எனினும் ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு கட்டப்பட்டது. ஆலைத் துணிக்குக் கெஜம் ஒன்றுக்கு மூன்று பை வீதம் தீர்வை விதித்து, அந்நிதியைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட 1953இல் சட்டம் வந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் பெருகியது அந்நிதியைக் கொண்டே என்பதை இந்நாளைய அங்கத்தினர் பலர் அறியார்.

பின்னர் 1985இல், கைத்தறிக்கென 22 வகைத் துணிகளை ஒதுக்கிப் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. எதிர்த்தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளிக்கும்வரை எட்டாண்டுகள் அச்சட்டம் பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. தீர்ப்பு வந்த சில ஆண்டுகளுக்குள் 22 என்பது 11 ஆகக் குறைக்கப்பட்டது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலியன வரையறைகளுக்குட்பட்டு இன்னும் அப்பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதற்கும் கடைத்தெருவில் இருப்பதற்கும் எத்துணைத் தொலைவு என்பதைத் தறிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனினும் நுட்பமானது சிட்டா நூல் பற்றிய செய்தி. கைத்தறிக்குச் சிட்டா நூலே ஏற்றது. ஆலைகளுக்கோ கோன் நூல் சுற்றுவதே ஆதாயம். ஆகவே உள்நாட்டு விற்பனைக்கெனக் கட்டும் நூலில் ஒரு பங்கைச் சிட்டாவாகவே கட்டவேண்டுமென்று 1974 முதல் நூற்பாலைகளுக்கு ஆணை உண்டு. அப்பங்கு 50 சதவிகிதமாக இருந்தது. 2003இல் 40 ஆயிற்று; 2019இல் 30 ஆயிற்று. தேவை குறைந்துவிட்டது என்பது ஆலைத் தரப்பின் வாதம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் 50லிருந்து 30க்கு இறங்கிய அந்தப் படிகளில் நம் சங்கங்கள் எத்தனை தீர்மானம் நிறைவேற்றின? எத்தனை பேருக்கு அது இறங்கிய செய்தியே தெரியும்? ஊர்வலமில்லை, முழக்கமில்லை, ஓர் அறிவிக்கையில் ஓர் எண் மாறியது. அவ்வளவே. பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் இவ்வாறு சத்தமின்றியே நிகழ்கின்றன.

ஒரு வாரமும் எட்டாண்டும்

இதற்கு மாறாக, விரைந்து பலித்த கோரிக்கைகளையும் பார்ப்போம். 2012 மார்ச் 5இல் மத்திய அரசு பருத்தி ஏற்றுமதியைத் தடைசெய்தது. உள்நாட்டு ஆலைகளுக்குப் பஞ்சு மலிவாகக் கிடைக்க வேண்டுமென்பது நோக்கம். பருத்தி விளையும் மாநிலங்கள் வெகுண்டன. குஜராத் அரசு எதிர்த்தது. மத்திய வேளாண் அமைச்சரே வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு வாரத்துக்குள் தடை தளர்ந்தது. அவ்வாறே 2022 ஜனவரி முதல் நாள் துணிமீதான சரக்கு சேவை வரி 5 சதவிகிதத்திலிருந்து 12 சதவிகிதமாக உயர்வதாயிருந்தது. வணிகர் கடையடைத்தனர், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநில அரசுகள் மறுப்புத் தெரிவித்தன. முதல் நாளான டிசம்பர் 31இல் கூடிய வரி மன்றம் அவ்வுயர்வை ஒத்திவைத்தது.

சிலர்க்கு ஒரு வாரத்தில் கிடைப்பது வேறு சிலர்க்கு எட்டாண்டில் ஏன் கிடைப்பதில்லை? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். அது மட்டுமே விடையாகாது. நெசவாளர் அழாத நாள் இல்லை. ஒல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1965இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சிலரே அடங்கிய கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ஆதாயம் பெரிது. ஆகவே ஒவ்வொருவரும் பணமும் நேரமும் செலவிடுவர். பல இலட்சம் பேர் அடங்கிய கூட்டத்திலோ ஒருவர்க்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிது. ‘நான் போகாவிட்டால் என்ன, வேறொருவர் போவார்’ என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவர். 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 இலட்சம் பேர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். நூற்பாலைகளோ சில ஆயிரமே. எண்ணிக்கையில் நாம் பெரியவர்கள். அதனாலேயே அமைப்பில் சிறியவர்களாகிவிட்டோம். தென்னிந்திய ஆலைகளின் சங்கம் 1933 முதல் கோவையில் இயங்கி வருகிறது. புள்ளிவிவரம் சேகரிக்கவும், அறிவிக்கைகளைப் படிக்கவும், உரிய நாளில் உரிய அதிகாரியிடம் கடிதம் சேர்க்கவும் அத்தகைய சங்கங்கள் முழுநேர அலுவலரை வைத்திருக்கின்றன. அதில் குற்றம் காண இடமில்லை. நமக்கு அவ்வாறு ஒருவர் இல்லை என்பதுதான் குறை.

எட்டாத இடத்தில் எடுக்கப்படும் முடிவு எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு நம் வட்டாரத்து அனகாபுத்தூரே சான்று. அங்கே நெய்த ‘மதராஸ் கைக்குட்டை’ என்னும் கட்டம்போட்ட துணி ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று விலைபோயிற்று. நைஜீரிய அரசு துணி இறக்குமதியைத் தடுத்ததும் தறிகள் ஒடுங்கின. வாழைநாரையும் சணலையும் கலந்து நெய்து அவ்வூரார் சிலர் பிழைப்பை மீட்டுக்கொண்டது அவர்தம் திறமைக்குப் பெருமை. ஆயினும் எல்லா ஊர்க்கும் அத்திறமை வாய்க்கும் என்று நம்பியிருத்தல் கொள்கையாகாது. நெசவாளர் பிரதிநிதிகள் மத்திய அரசோடு உட்கார்ந்து பேசுவதற்கென அமைந்த அகில இந்தியக் கைத்தறி வாரியமும், பலமுறை மாற்றியமைக்கப்பட்டபின், 2020 ஜூலையில் கலைக்கப்பட்டது. வாரியத்தால் பயன் விளைந்ததா என்று வாதிடலாம். வாயில் ஒன்று அடைபட்டது என்பதில் வாதமில்லை.

பஞ்சு ஒன்று, பங்காளிகள் மூவர்

இப்பத்திரிகையை நெசவாளரும் உழவரும் ஒருங்கே படிக்கின்றனர். ஆகவே இருவர்க்கும் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பருத்தி விலை ஏறினால் உழவர்க்கு வாழ்வு. நூல் விலை ஏறினால் நெசவாளர்க்குத் தாழ்வு. இடையில் நிற்பது ஆலை. பஞ்சு வாங்கும்போது ஆலை நெசவாளரின் பெயரால் பேசுகிறது; நூல் விற்கும்போது பஞ்சின் விலையைக் காட்டிப் பேசுகிறது.

2021இல் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவிகித வரி விதிக்கப்பட்டது. 2022 கோடையில் 356 கிலோ கொண்ட கண்டி ஒன்றின் விலை இலட்ச ரூபாயை எட்டியது. ஏப்ரல் 14 முதல் வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. மீண்டும் 2025 ஆகஸ்டில், அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவிகிதச் சுங்கம் விதித்தபோது, வரி நீக்கம் முதலில் செப்டம்பர் இறுதிவரை என்றும், சில நாட்களுக்குள் ஆண்டிறுதிவரை என்றும் அறிவிக்கப்பட்டது. பின்னலாடைத் தொழிலார் மகிழ்ந்தனர். வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் பருத்தி அறுவடைக்கு வரும் மாதங்கள் அவை. உழவர் சங்கங்கள் கண்டித்தன. இருபுறத்திலும் நியாயம் உண்டு. ஆனால் நியாயமுள்ள இரு ஏழைகள் எதிரெதிர் நின்று வாதாடும்போது, தீர்ப்பின் ஆதாயம் மூன்றாமவர்க்குப் போவது உலக வழக்கு.

ஆகவே என் அபிப்பிராயம் இது: அரசின் கதவைத் தட்டுமுன் நெசவாளர் சங்கமும் உழவர் சங்கமும் தமக்குள் உட்கார்ந்து பேசவேண்டும். இருவரும் ஒன்றாகக் கேட்கக்கூடியவை சில உள. வரி மாற்றம் எதுவாயினும் விதைப்புக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும். அறுவடையின் நடுவில் ஆகாது. 1970இல் நிறுவப்பட்ட இந்தியப் பருத்திக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலையில் உரிய காலத்தில் கொள்முதல் செய்யவேண்டும். சிட்டா நூலுக்கு மத்திய அரசு அளிக்கும் 15 சதவிகித விலைச் சலுகை உண்மைத் தறிக்குப் போய்ச் சேருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இம்மூன்றிலும் உழவர்க்கும் நெசவாளர்க்கும் பகை இல்லை. பகையில்லாதவற்றை முதலில் கேட்போமானால் பகையுள்ளவற்றைப் பேசித் தீர்க்கும் நம்பிக்கையும் பிறக்கும்.

மறைவில் நிகழும் நெருக்கம்

வெளிப்படையல்லாத கருவிகள் உள என்று மேலே சொன்னேன். அவற்றுள் தலையாயது பணம். கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பதை 1969இல் சட்டம் தடுத்தது. 1985இல் அத்தடை நீங்கியது. கொடுத்தவர் பெயரைப் பொதுமக்கள் அறியாவண்ணம் நன்கொடை அளிக்க வகைசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு அது முரணானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் அதனைச் செல்லாதென அறிவித்தது. மகஜரில் கையொப்பம் உண்டு. ஊர்வலத்தில் முகம் உண்டு. பெயரற்ற பணத்தில் இரண்டும் இல்லை. கூலிக்கு மாரடிப்பாரை வைத்து அழுதாலும், அழுவது யாருக்காக என்று ஊரார் அறிந்திருந்தால் தீங்கு பாதியாகக் குறையும். அமெரிக்காவில் இவ்வாறு சட்டசபையாரை அணுகுவோர் தம் பெயரைப் பதிந்துகொள்ள 1946 முதலே சட்டம் உண்டு. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. தகவல் அறியும் சட்டம் ஒன்றே நமக்குள்ள விளக்கு. தமிழ்நாடு 1997லேயே அவ்வகைச் சட்டம் செய்த மாநிலம் என்பது நாம் மறக்கலாகாத பெருமை.

நம் கோரிக்கையும் எப்போதும் பொதுநலமாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1970இலும் 1972இலும் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பகுதி உழவர் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்தனர். கட்டை வண்டிகள் கோவை நகரை நிறைத்த அக்கிளர்ச்சி நாடறிந்தது. அதன் தொடர்ச்சியாக 1984இல் சிறு உழவர்க்கும், பின்னர் 1990 அளவில் எல்லா உழவர்க்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. பல குடும்பங்கள் அதனால் பிழைத்தன. ஆனால் கணக்கின்றி நீர் இறைக்கப்பட்டு நிலத்தடி நீர் பல வட்டாரங்களில் அடிமட்டத்துக்குப் போயிற்று. கிணறு ஆழப்படுத்தப் பணமில்லாத சிறு உழவரே முதலில் வறண்டனர். கோரிக்கையில் வெல்வது ஒன்று. வென்றது யாரைச் சுடும் என்று முன்னரே எண்ணிப் பார்ப்பது மற்றொன்று.

சங்கம் அரசியலில் இறங்கலாமா?

இவ்வளவும் படித்த அங்கத்தினர் ஒருவர், ‘கூட்டுறவுக்கு அரசியல் ஆகாது என்று ஆய்வாளர்களே சொல்லிவந்தீர்களே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1844இல் ராச்டேல் நகரில் கடை திறந்த முன்னோடிகள் கட்சிச் சார்பின்மையைத் தம் நெறிகளுள் ஒன்றாகப் போற்றினர். அதே இங்கிலாந்தில் 1917இல், அரசாங்கம் தம்மைப் புறக்கணிக்கிறதென்று கண்ட கூட்டுறவாளர்கள் தமக்கெனக் கட்சியொன்றையே தொடங்கினர். இவ்விரண்டிலும் முதலாவதே நம் நாட்டுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. கட்சிக் கொடி ஏறிய சங்கத்தில், ஆட்சி மாறுந்தோறும் நிர்வாகக் குழுவும் மாறும். பாதி அங்கத்தினர் விருந்தாளிகளாகிவிடுவர். நம் மாநிலத்துச் சங்கங்கள் தேர்தலின்றித் தனி அலுவலர் பொறுப்பில் பல்லாண்டு கிடந்த காலங்களை நாம் அறிவோம். கட்சிப் பூசலும் அதற்கொரு காரணமாக இருந்ததுண்டு. ஆனால் கட்சி வேறு, கோரிக்கை வேறு. 1952-53இல் கைத்தறிக்குக் குரல் கொடுத்தவர்கள் எதிரெதிர்க் கட்சியினர், கோரிக்கை ஒன்றே. கோரிக்கையைச் சங்கம் வைத்துக்கொள்ளட்டும். கொடியை அங்கத்தினர் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

இங்கே நம் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை வேண்டும். அழுத்தக் குழுக்கள் கோட்டையிலும் டில்லியிலும் மட்டும் இல்லை. சங்கத்து அலுவலகத் திண்ணையிலும் உள. தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நான் கண்டவை: ஒரே குடும்பத்தார் பெயரில் இயங்காத தறிகள் பல, நூல் பங்கீட்டின்போது மட்டும் தோன்றும் அங்கத்தினர், பொதுப்பேரவைக்கு வராமலே கையொப்பமிட்டோர் பட்டியல். தறிமேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் இராது. அவள் கணவன் பெயரோ மைத்துனன் பெயரோ இருக்கும். இவ்வாறு சிலர் கைக்குள் அடங்கிய சங்கம், பலர் பெயரால் அரசிடம் பேசினால் அதன் சொல்லுக்கு என்ன மதிப்பு? நாம் கொடுக்கும் தறிக் கணக்கில் பொய் இருந்தால், ஆலைத் தரப்பு ஒரே வரியில் நம் மகஜர் முழுவதையும் தள்ளிவிடும். சுத்தமான பதிவேடே ஏழையின் வலிமையான ஆயுதம்.

செய்யத் தக்கவை

ஆகவே அங்கத்தினர் சிந்தனைக்கு நான் வைப்பவை இவை.

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் தன் கணக்கைத் தானே எழுதிவைக்க வேண்டும். இயங்கும் தறி எத்தனை, நூலின்றி நின்ற நாட்கள் எத்தனை, சிட்டா நூல் என்ன விலைக்கு எந்நாளில் கிடைத்தது, வரவேண்டிய தள்ளுபடி மானியம் எவ்வளவு நிலுவை? இவற்றை ஒரே பக்கத்தில் மாதந்தோறும் எழுதினால், பன்னிரண்டு பக்கங்களில் ஓராண்டு வழக்கு ஆயத்தமாகும். கண்ணீரைவிடக் கணக்கை மறுப்பது அதிகாரிக்குக் கடினம்.

இரண்டாவது, கோரிக்கை பொதுப்பேரவையில் தீர்மானமாக வரவேண்டும். தலைவர் தனியே போய்க் கேட்டு வருவது சலுகை. பேரவை கேட்பது உரிமை. தூதுக்குழுவில் பெண் நெசவாளர் கட்டாயம் இடம்பெற வேண்டும். சென்றவர் என்ன பேசினர், என்ன விடை கிடைத்தது என்பதை அடுத்த கூட்டத்தில் படித்துப் பதிய வேண்டும்.

மூன்றாவது, பல சங்கங்கள் கூடி அறிவிக்கைகளைப் படிப்பதற்கென ஒருவரை அமர்த்த வேண்டும். சட்டங்களும் விதிகளும் வருமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமென்று மத்திய அரசே 2014இல் நெறி வகுத்தது. அக்கருத்துக் கேட்கும் நாட்களுக்குள் நம் கடிதம் போய்ச் சேராவிடின், பின்னர் ஊர்வலம் போய் என்ன பயன்?

நான்காவது, யாருக்கும் பணமோ பரிசோ கொடுத்துக் கோரிக்கையை நிறைவேற்றிக்கொள்ள முயலலாகாது. பணத்தால் பெற்றதை அதிகப் பணம் உள்ளவன் மறுநாளே பறித்துக்கொள்வான். அந்த ஏலத்தில் நெசவாளி ஒருநாளும் வெல்லப்போவதில்லை.

ஐந்தாவது, ஊரறியக் கேட்கத் தகாத எதனையும் நாம் கேட்கலாகாது. நம் மகஜரின் நகலைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட நாம் கூசினால், அதில் ஏதோ கோணல் இருக்கிறது என்பது பொருள்.

குழுக்களின் தீமைக்கு மருந்து சுதந்திரத்தை ஒழிப்பதன்று. குழுக்கள் பலவாகி ஒன்றையொன்று தடுத்து நிறுத்துவதே மருந்து என்னும் கருத்தை, அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தோருள் ஒருவரான மாடிசன் 1787லேயே வெளியிட்டார். அது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லாத் தரப்பும் களத்தில் இருக்க வேண்டும். ஒரு தரப்பு வந்து, மறு தரப்பு வராவிட்டால், வந்தவர் சொல்வதே தேச நலன் என்று பதிவாகிவிடும். ஆலையாரும் வணிகரும் ஏற்றுமதியாளரும் வந்திருக்கிறார்கள்; வருவது அவர்கள் உரிமை. வரவேண்டியவர்கள் நாம். அடுத்த பொதுப்பேரவையின் பொருள்நிரலில் வரவு செலவுக்குப் பின், ‘அரசுக்கு நாம் சொல்ல வேண்டியவை’ என்று ஓர் இனத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஓர் இனத்தின் மேல் அரைமணி நேரம் பேசினாலே போதும். நம் பெயரால் பிறர் பேசும் காலம் முடிவுக்கு வரத் தொடங்கும்.